பிள்ளைப்பேற்றுக்கு முன் ஒரு வகுப்பு



சில மாதங்களுக்கு முன் என் மருமகள் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி, வெள்ளவத்தையில் வசிப்பவள். "மாமி, பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்புகள் மூன்று வகையாக இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடப்பது ஒன்று, அதற்குக் காசில்லை. தனியார் வைத்தியசாலையில் நடப்பது இன்னொன்று. அதற்குக் கட்டணம் உண்டு. மூன்றாவது, வீட்டில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் பார்ப்பது. இவற்றுள் எதற்கு நான் போவது?" என்று கேட்டாள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமாதாகக் கடமையாற்றி இளைப்பாறியவள். எத்தனையோ வகுப்புகளை நானே நடத்தியிருக்கிறேன். ஆயினும் அவளுக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. வகுப்புக்குத் தவறாமல் வாருங்கள் என்று தாய்மார் பலருக்கும் சொல்லி வந்த நான், எந்த வகுப்பு நல்ல வகுப்பு என்பதை ஒருநாளேனும் ஆற அமர எண்ணிப் பார்த்ததில்லை. அவள் கேட்ட பின்னர் எண்ணியவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

"எங்கள் பாட்டிமார் வகுப்புக்கா போனார்கள்? அவர்கள் பிள்ளை பெறவில்லையா?" என்று கேட்பவர் இன்றும் உளர். பெற்றார்கள், ஆனால் அவர்களுக்கும் ஒரு வகுப்பு இருந்தது. அது வீட்டின் உள்ளறையிலே நடந்தது. தமக்கை பிள்ளை பெறும்போது தங்கை வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மைத்துனிக்கு நோவு கண்டபோது முதுகை நீவிவிட்டாள். ஊர் மருத்துவிச்சி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். தன் முறை வரும்போது பிள்ளைப்பேறு இன்னதென்பது அவளுக்கு ஓரளவு தெரிந்திருந்தது.

அந்த உள்ளறையில் அறிவும் இருந்தது, ஆபத்தும் இருந்தது. 1930களில் நம் நாட்டிலே ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஏறத்தாழ ஐம்பது பிறப்புகளுக்கு ஒரு தாய்! அண்மைக் காலத்தில் அத்தொகை 30க்கும் 40க்கும் அண்மையில் நிற்கிறது. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அதன்பின் பயிற்றப்பட்ட மருத்துவமாதர் கிராமங்கள் தோறும் அனுப்பப்பட்டனர், வைத்தியசாலைகள் பெருகின, மலேரியா கட்டுப்படுத்தப்பட்டது, பெண்கள் கல்வி கற்றனர். இவை யாவும் சேர்ந்தே இந்த மாற்றத்தைச் செய்தன. இன்று நம் நாட்டில் ஏறக்குறையப் பிறப்புகள் யாவும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன.

இது பெரும் பேறு. ஆனால் பிள்ளைப்பேறு வைத்தியசாலைக்குப் போனபோது, அந்த உள்ளறை வகுப்பும் கலைந்து போயிற்று. இன்றைய பெண் பட்டம் பெற்றிருப்பாள். பணிமனையில் பெரிய பதவியில் இருப்பாள். ஆனால் தன் பிள்ளை பிறக்கும் நாள்வரை ஒரு பேற்றை அவள் கண்ணாற் கண்டிருக்க மாட்டாள். அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவையே இந்த வகுப்புகள்.

மேல்நாட்டிலும் இவை இவ்வாறே தோன்றின. கிறான்ற்லி டிக்-றீட் என்ற ஆங்கில மருத்துவர் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், அச்சம் உடலை இறுகச் செய்கிறது, இறுக்கம் நோவை மிகுவிக்கிறது என்று எழுதினார். அறியாமையை நீக்கினால் அச்சம் குறையும், அச்சம் குறைந்தால் நோவும் குறையும் என்பது அவர் கொள்கை. பெர்னாந்து லமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1951ஆம் ஆண்டில் சோவியத் நாட்டுக்குச் சென்று, அங்குக் கையாளப்பட்ட முறையைக் கண்டு, பாரிஸ் நகரத்திலே மூச்சுப் பயிற்சியோடு கூடிய வகுப்புகளைத் தொடங்கினார். இவ்விருவரும் பெண்களுக்குப் பேருதவி செய்தனர். ஆயினும் அவர்கள் வழிவந்தோரிற் சிலர், முறையாகப் பயின்றால் நோவே இராது என்று சொல்லத் தலைப்பட்டனர். அதனால் நோவு கண்ட பெண் தன்னையே குற்றவாளியாக எண்ணி வருந்தினாள். வகுப்பொன்றைத் தெரிந்தெடுக்கும்போது இந்த வரலாற்றை நாம் மறத்தலாகாது.

இனி, ஒரு வகுப்பை எவ்வாறு எடைபோடுவது என்று பார்ப்போம்.

முதலாவதாகப் பார்க்கவேண்டியது, அங்கே நீங்கள் வாய்திறந்து கேள்வி கேட்க முடியுமா என்பது. கட்டடமும் குளிரூட்டியும் கொடுக்கும் சிற்றுண்டியும் இதற்குப் பின்னரே. கேள்வி கேட்பதற்கு மொழி வேண்டும். கொழும்பிலே பல வகுப்புகள் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் நடக்கின்றன. அம்மொழிகளை நன்கறிந்தவர் அங்குப் போவதில் தடையில்லை. ஆனால் கேட்டால் விளங்கும், பேச வராது என்ற நிலையில் உள்ள பெண் அங்கே ஊமையாகத்தான் இருப்பாள். உதிரத்தைப் பற்றியும் தாம்பத்தியத்தைப் பற்றியும் மலசலம் பற்றியும் கேட்கவேண்டிய இடம் அது. தாய்மொழியிலேயே நாக் கூசும் காரியங்களைப் பிறமொழியில் எவ்வாறு கேட்பது?

தமிழிலே இவற்றைச் சொல்ல முடியாது என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தவர். அவர் தமிழில் வெளியிட்ட மருத்துவ நூல்களுள் பிரசவ வைத்தியம் பற்றியதும் ஒன்று. அது 1857ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்று மருத்துவர்க்குத் தமிழில் கிடைத்த அறிவு, இன்று தாய்க்குத் தமிழில் கிடையாதிருப்பது தகுமா?

இரண்டாவதாக, வகுப்பு உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். இவ்விடத்தில் என் குற்றமொன்றையும் நான் சொல்லியாக வேண்டும்.

நான் பணியிற் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. வலிகாமத்துக் கிராமமொன்றிலே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். தாய்மாரைப் பயமுறுத்தக் கூடாது என்பது என் எண்ணம். கீரை சாப்பிடுங்கள், பகலில் சிறிது படுத்திருங்கள், மனத்தைச் சந்தோஷமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, "ஏதும் கரைச்சல் என்றால் வந்து சொல்லுங்கள்" என்று முடித்துவிட்டேன். பத்து நாள் கழித்து, அவ்வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை வலிப்புக் கண்ட நிலையில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெய்வாதீனமாகத் தாய் பிழைத்தாள். குறைமாதத்தில் எடுக்கப்பட்ட குழந்தை பல வாரங்கள் வைத்தியசாலையில் இருந்து பிழைத்தது. பின்னர் நான் வீட்டுக்குப் போனபோது, "ஏன் பிள்ளை, இரண்டு நாளாகத் தலையிடி, கண் மங்கல் என்கிறாய், எனக்கு ஒரு சொல் அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, தலையிடி கரைச்சல் என்று நீங்கள் சொல்லவில்லையே, பிள்ளைத்தாய்ச்சிக்கு அதெல்லாம் வரும் என்றுதான் நினைத்தேன்" என்றாள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்றுவரை என் நெஞ்சில் நிற்கிறது. அன்று தொடக்கம் ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் அபாயக் குறிகளையே சொன்னேன். இப்பொழுதும் சொல்கிறேன். கடுமையான தலையிடி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று நோவு, உதிரம் படுதல், பன்னீர்க்குடம் உடைதல், காய்ச்சல், வயிற்றிலே குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருத்தல் ஆகாது. இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதனைத் தெளிவாகச் சொல்லாத வகுப்பு, எவ்வளவு இனிமையாக நடந்தாலும் குறையுள்ள வகுப்பே.

உண்மை சொல்லுதல் என்பதில் சத்திரசிகிச்சையும் அடங்கும். இன்று நம் நாட்டில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிசேரியன் சத்திரசிகிச்சை மூலமே பிறக்கின்றன. அது எப்பொழுது தேவைப்படும், எவ்வாறு விறைப்பு மருந்து கொடுப்பார்கள், பின்னர் எப்பொழுது எழுந்து நடக்கலாம், அடுத்த பேறு எப்படியாகும் என்பவற்றை வகுப்பிலே சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சையைத் தோல்வி என்று இகழும் வகுப்பும் வேண்டாம். நோவுக்குப் பயந்தவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதி அது என்று காட்டும் வகுப்பும் வேண்டாம்.

மூன்றாவதாக, நீங்கள் பிள்ளை பெறப்போகும் வைத்தியசாலைக்கும் வகுப்புக்கும் தொடர்பிருக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. பிறநாட்டிலே நீர்த்தொட்டியில் பிள்ளை பெறுவதைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, நம்மூர் வைத்தியசாலைக்குப் போய் ஏமாற்றம் அடைவதில் என்ன பயன்? நோவுகாலத்தில் நடமாடலாமா, நீராகாரம் அருந்தலாமா, நோவைத் தணிக்க அங்கே என்ன மருந்து உண்டு, துணைக்கு ஒருவர் நிற்கலாமா, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பவற்றுக்கு உங்கள் வைத்தியசாலையை அறிந்தவரே விடை சொல்ல முடியும். இயலுமானால் பிரசவ விடுதியை முன்னரே ஒருமுறை பார்த்துவர ஏற்பாடு செய்யும் வகுப்பு சிறந்தது. கண்ட இடத்தைக் குறித்துப் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

நான்காவதாக, வகுப்பிலே உடம்பால் பயில வேண்டும். நாற்காலியில் இருந்து இரண்டு மணி நேரம் கேட்பதால் மூச்சுப் பயிற்சி வராது. பாயிலே இருந்தும் சரிந்து படுத்தும் முழங்காலில் நின்றும் பழக வேண்டும். நோவு எழும்போது மெல்ல மூச்சை வெளிவிட்டுத் தோளையும் தாடையையும் தளரவிடப் பழக வேண்டும். காலவளவும் சொல்லித்தர வேண்டும். கருப்பை வாய் ஐந்து சென்ரிமீற்றர் விரிந்த பின்னரே நோவு முழு வேகங் கொள்கிறது என்றும், அதன்பின் முதற்பேற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரையும், அடுத்த பேறுகளுக்குப் பத்து மணி நேரம் வரையும் செல்லலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிகளில் கூறியிருக்கிறது. இதனை அறியாத பெண், நான்கு மணி நேரம் கழிந்ததும் ஏதோ பிழைத்துவிட்டது என்று அஞ்சி நடுங்குகிறாள். அறிந்தவள் தன் வலிமையைச் சேமித்து வைக்கிறாள்.

ஐந்தாவதாக, உங்களுக்குத் துணை நிற்கப்போகிறவர் அவ்வகுப்புக்கு வர முடியுமா என்று பாருங்கள். கணவனாயினும் தாயாயினும் தமக்கையாயினும் ஒருவர் வரவேண்டும். நோவுகாலம் முழுவதும் தன் அருகில் ஒருவர் ஆதரவாக இருக்கப் பெற்ற பெண்களுக்கு இயற்கைப் பேறு வாய்ப்பது மிகுதி, நோவுகாலம் குறைவு என்று 2017ஆம் ஆண்டில் வெளியான பெரியதோர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பல நாடுகளிற் செய்யப்பட்ட 26 ஆய்வுகளை அது ஒருங்கே எடுத்து ஆராய்ந்தது. அவ்வாறு நிற்பவர் முதுகை எங்கே அழுத்துவது, எப்பொழுது பேசுவது, எப்பொழுது பேசாதிருப்பது என்று முன்னரே பழகியிருந்தால் எவ்வளவு நன்று! வைத்தியசாலைக்கு வைத்தியசாலை விதி வேறுபடும். சில இடங்களில் துணைவர் நிற்கலாம். சில இடங்களில் இடவசதியின்மையால் இயலாது. ஆகையால் இதனை முன்னரே கேட்டறிந்து கொள்ளுங்கள்.

ஆறாவதாக, வகுப்பை நடத்துபவர் யார், அதற்குச் செலவிடுபவர் யார் என்று விசாரியுங்கள். பயிற்றப்பட்ட மருத்துவமாதோ தாதியோ மருத்துவரோ நடத்துவது நன்று. வாசலிலே பால்மாப் பெட்டியும் போத்தலும் காட்சிக்கு வைத்து அன்பளிப்புப் பொதி கொடுத்தால், அங்கே உங்களுக்குக் கற்பிப்பது வணிகம் என்று அறிந்துகொள்ளுங்கள். குழந்தைப் பால்மாவைத் தாய்மாரிடையே விளம்பரம் செய்யலாகாது என்று 1981ஆம் ஆண்டிலேயே உலக சுகாதாரப் பேரவை ஒரு விதிக்கோவையை ஏற்றுக்கொண்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. இதனைச் சொல்வதோடு நில்லாமல், குழந்தையை மார்பிலே எவ்வாறு அணைத்துப் பிடிப்பது என்று பொம்மையை வைத்தேனும் செய்து காட்டும் வகுப்பே வகுப்பு.

இன்னும் ஒன்று. நல்ல ஆசிரியை நம் வீட்டுப் பெரியவர்களை எள்ளி நகையாடமாட்டாள். பத்தியக் கறியிலும் சரக்குத் தூளிலும் மிளகும் உள்ளியும் மஞ்சளும் இருக்கின்றன. அளவோடு உண்டால் அவற்றால் தீங்கில்லை. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வாட்டுவது தீங்கு. சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுப் பிறந்த குழந்தைக்குச் சீனித் தண்ணீர் பருக்குவது தீங்கு. இவ்விரண்டு வகையையும் பகுத்துச் சொல்லி, மாமியாருக்கும் அதனைப் பக்குவமாக விளக்க வழிசொல்லும் வகுப்பினால் வீட்டிலே சண்டையும் வராது.

பிள்ளை பிறந்த பின்னர் தாயின் மனநிலை பற்றியும் அங்கே பேசவேண்டும். முதற் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், அல்லது குழந்தையை ஏறெடுத்துப் பார்க்கவும் மனமில்லாது போனால், அது நோய், அதற்கு மருந்துண்டு. 'பேய் பிடித்தது' என்று மறைத்து வைக்காமல், வீட்டுக்கு வரும் மருத்துவமாதிடம் சொல்ல வேண்டும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் கர்ப்பகாலத்தின் மூன்று பகுதிகளுக்கும் ஒவ்வொன்றாக மூன்று வகுப்புகள் நடத்துவது வழக்கம். ஆகையால் கருவுற்றது தெரிந்தவுடன், எட்டு வாரம் முடியுமுன்னரே, உங்கள் மருத்துவமாதிடம் பதிந்துகொள்ளுங்கள். வேறிடத்தில் தனி வகுப்புக்குப் போவதானால் ஏழாம் மாதத்தில் தொடங்கி, முப்பத்தாறாம் வாரத்துக்கு முன் முடித்துக்கொள்வது நன்று.

மலைநாட்டுத் தோட்டங்களிலுள்ள சகோதரிகளுக்கு ஒரு சொல். கொழுந்து பறித்துவிட்டு, மேட்டு லயத்திலிருந்து இறங்கி வகுப்புக்குப் போவது எவ்வளவு வருத்தம் என்பதை நான் அறிவேன். போரினால் பாதைகள் அடைபட்டிருந்த 1990களிலே நாங்களும் வடக்கில் இத்தகைய இடரை அனுபவித்தோம். ஊரடங்கு வேளையில் நோவு கண்டால் யாருடைய வண்டி, எந்த ஒழுங்கை, விளக்குக்கு எண்ணெய் எங்கே என்றெல்லாம் வகுப்பிலேயே ஒவ்வொருவராகச் சொல்லவைத்தோம். அந்தப் பழக்கம் தூர இடத்திலுள்ளோர்க்கு இன்றும் உதவும். "நடுச்சாமத்தில் நோவு கண்டால் நான் எவ்வாறு போவேன்?" என்ற கேள்வியை உங்கள் வகுப்பிலே தயங்காது கேளுங்கள். விடை கிடைக்கும்வரை விடவேண்டாம்.

கணவன்மாரே, மாமியார்மாரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒருநாள் அவள் வகுப்புக்குப் போவதை வீண்செலவென்று எண்ணாதீர்கள். அவளைத் தனியே அனுப்பவும் வேண்டாம். உடன் சென்று பின்வாங்கில் அமர்ந்து நீங்களும் கேளுங்கள். அபாயக் குறி தோன்றும் வேளையில் அவளால் பேச முடியாமற் போகலாம். அப்பொழுது வீட்டில் அறிந்தவர் இன்னொருவர் இருக்க வேண்டும்.

சரி, என் மருமகள் எதனைத் தெரிந்தெடுத்தாள் என்று கேட்பீர்கள். அவள் இரண்டிடங்களுக்கும் ஒவ்வொரு நாள் போய்ப் பார்த்தாள். கட்டண வகுப்பில் கதிரை மெத்தென்றிருந்தது. ஆனால் நாற்பது பேருக்கு நடுவில் கேள்வி கேட்க நேரம் இருக்கவில்லை. பணிமனை வகுப்பில் மின்விசிறி ஒன்று. அதுவும் மெல்லச் சுழன்றது. ஆனால் அங்கிருந்த மருத்துவமாது இவள் கிளினிக் அட்டையை வாங்கிப் பார்த்து, இரத்த அழுத்தத்தைப் பற்றி இவளுக்கென்று இரண்டு சொல் தமிழிலே சொன்னாராம். "மாமி, அங்கேயே போகிறேன், அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்" என்றாள். வேறோர் ஊரில் கட்டண வகுப்பே சிறந்ததாக இருக்கலாம். எதுவாயினும் இலவசம் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். விலை கூடியது என்பதற்காகக் கொள்ளவும் வேண்டாம். கைத்தொலைபேசியில் பார்ப்பதை மறுமுறை நினைவூட்டிக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கால் வீக்கத்தைப் பார்த்துச் சொல்லாது.

தாயாகப் போகும் சகோதரியே, வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில் உன்னை நீயே ஒன்று கேட்டுக்கொள்: 'இன்று இரவு தலை இடித்துக் கண் மங்கினால் நான் என்ன செய்வேன்?' அதற்கு உன் வாயில் உடனே விடை வருமாயின், நீ நல்ல வகுப்பையே தெரிந்தெடுத்திருக்கிறாய்.